ஐசிடியும் 12 மணி நேர ஷிஃப்ட்டும்: காலாட்படையில் இருப்பவர்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

ஈசூன்காரன்

வணக்கம். காலாட்படைப் பட்டாலியன் ஒன்றில் ரைஃபிள்மேனாக இருக்கிறேன். சிங்கப்பூரின் கட்டாய ராணுவச் சேவையான முழுநேர தேசிய சேவையை முடித்துச் சில ஆண்டுகள் ஆகின்றன. இப்போது ஜூரோங் தீவில் ஓர் ஆலையில் டெக்னீஷியன் வேலை. 12 மணி நேர ஷிஃப்ட். இரண்டு பகல், இரண்டு இரவு, அப்புறம் நான்கு நாள் ஓய்வு. ஞாயிறு, பொது விடுமுறை எதையும் இந்தச் சுழற்சி பார்ப்பதில்லை.

அடுத்த ஐசிடிக்கு, அதாவது சேவை முடித்தவர்களை மறுபடி முகாமுக்கு அழைக்கும் பயிற்சிக்கு, அழைப்பாணையான எஸ்ஏஎஃப் 100 வந்துவிட்டது. ஒரு திங்கட்கிழமை தொடங்கி மறுவாரம் வெள்ளி வரை. இந்த முறை பட்டாலியனின் போர்த் தயார்நிலையைச் சோதிக்கும் ஏடெக் மதிப்பீட்டுக்குத் தயாராகும் பயிற்சி, அதனால் பெரும்பகுதி அவுட்ஃபீல்டுதான், காட்டுக்குள். ஷிஃப்ட் அட்டவணையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். முகாமுக்குப் போக வேண்டிய திங்களுக்கு முந்தைய இரவு எனக்கு நைட் ஷிஃப்ட். ஆலையை விட்டு வெளியே வந்து, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே கேம்புக்கு ஓட வேண்டும். பயிற்சி முடிகிற வெள்ளிக்கு மறுநாள் பகல் ஷிஃப்ட்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. அந்த இரண்டு வாரத்தில் எனக்கு வரும் ஓய்வு நாட்கள் எட்டும் முகாமிலேயே போய்விடும். வேலையில் நான் இல்லாமல் போவது நான்கு ஷிஃப்ட் மட்டுமே: முதல் வார வெள்ளி, சனி, ஞாயிறு, அடுத்த திங்கள். அதையும் குறைக்கப் பார்க்கிறார்கள். "நடுவில் சனி ஞாயிறு வீட்டுக்குப் போக புக் அவுட் கொடுப்பார்களே, அப்போது வந்து ஷிஃப்ட் பார்த்துவிட்டுப் போ" என்கிறார் சூப்பர்வைசர். ஞாயிறு இரவு முழுக்க விழித்துவிட்டுத் திங்கள் காலை மறுபடி காட்டுக்குள் போவதா?

அலுவலக வேலையில் இருக்கும் நண்பர்களுக்கு இந்தக் கவலை புரியவே இல்லை. உடற்தகுதித் தேர்வான ஐபிபிடி வேறு இன்னும் எடுக்கவில்லை, பிறந்தநாள் நெருங்குகிறது. ஷிஃப்ட்டில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.


பழைய சார்ஜென்ட்

தம்பி, 10 ஆண்டு ஐசிடி சுற்றை முடித்துவிட்டேன். செக்‌ஷன் கமாண்டராக இருந்தவன். என் செக்‌ஷனில் எப்போதும் ஷிஃப்ட் வேலைக்காரர்கள் இருந்தார்கள், அதனால் சொல்கிறேன்.

அந்த இரண்டு ஞாயிறு இரவுகளையும் விட்டுக்கொடுக்காதே. மற்ற எல்லாவற்றிலும் பேசிப் பார்க்கலாம், இதில் கூடாது. இரவு முழுக்கத் தூங்காதவன் எஸ்ஏஆர் 21 துப்பாக்கியைக் கையில் வைத்துக்கொண்டு சுடுதளத்தில் படுத்திருப்பது அவனுக்கும் ஆபத்து, பக்கத்து லேனில் இருப்பவனுக்கும் ஆபத்து. வெயிலில் ஃபுல் பேக்கோடு நடக்கும்போது உடம்பு சூடேறி விழுகிறவர்களில் தூக்கம் கெட்டவர்களுக்குத்தான் முதலில் அடி விழும். ஒவ்வொரு ஐசிடியிலும் முதல் நாள் தூக்கம் எவ்வளவு என்று கேட்பேன். "நேராக வேலையிலிருந்து வருகிறேன் சார்ஜென்ட்" என்று யாராவது சொன்னால் பிளட்டூன் கமாண்டரிடம் சொல்லி அன்றைக்கு அவனைக் கடுமையான வேலையிலிருந்து விலக்கி வைப்போம். ஆனால் அதை நம்பி நீ வராதே.

இப்போது சூப்பர்வைசர் விஷயம். எஸ்ஏஎஃப் 100இல் தேதிகளைப் பார். முதல் திங்கள் முதல் கடைசி வெள்ளி வரை ஒரே தொடராக இருந்தால் நடுவில் வரும் சனி ஞாயிறும் அழைப்புக் காலத்துக்குள்தான். புக் அவுட் என்பது படை உனக்குத் தரும் ஓய்வு. அந்த ஓய்வில் கம்பெனி ஷிஃப்ட் போட முடியாது என்று மரியாதையாகச் சொல். படைச் சேர்க்கைச் சட்டப்படி அழைக்கப்பட்டவருக்கு முதலாளி விடுப்புக் கொடுத்தே ஆக வேண்டும். அதை ஆண்டு விடுப்பில் கழிப்பதும் சரியல்ல.

ஆனால் சட்டத்தை முதல் வார்த்தையாக எடுக்காதே. சூப்பர்வைசருக்கு உன்மேல் கோபம் இல்லை, ஆள் இல்லை என்ற பயம்தான். அவருக்கு முன்னால் தேதிகளை வை. "ஞாயிறு இரவுக்கு இன்னார் வர ஒப்புக்கொண்டிருக்கிறார், அவருடைய இன்ன ஷிஃப்ட்டை நான் அடுத்த மாதம் எடுத்துக்கொள்கிறேன்" என்று ஆளோடு போய்ப் பேசு. முகாமுக்கு முந்தைய ஞாயிறு இரவு, முடிந்ததும் வரும் சனிக்கிழமை பகல், இந்த இரண்டுக்கு மட்டும் ஆள் பிடித்தால் போதும். மற்றவை தானாகவே சட்டப்படி உன்னுடையவை.


தேக்கா கடைக்காரர்

முதலாளி பக்கத்திலிருந்தும் ஒரு வார்த்தை. லிட்டில் இந்தியாவில் சின்ன மளிகைக் கடை வைத்திருக்கிறேன். வேலை பார்ப்பவர்களில் பெரும்பாலோர் ஊரிலிருந்து வந்தவர்கள். சிங்கப்பூரர் ஒரே ஒரு தம்பி. பேங்க், சப்ளையர் ஆர்டர், கம்ப்யூட்டர் கணக்கு எல்லாம் அவர் கையில். ஐசிடி என்றால் அவர் ஒருவர்தான் போக வேண்டும், எனக்கு அவர் ஒருவர்தான் இல்லாமல் போகக் கூடாதவர்.

சம்பளம் இதில் பிரச்சினையே இல்லை, பலர் இதைப் புரிந்துகொள்வதில்லை. அவருக்கு வழக்கம்போல் கொடுத்துவிட்டு தற்காப்பு அமைச்சிடம் திரும்பக் கேட்டு வாங்கிக்கொள்கிறேன். பணம் வந்துவிடும். ஆள்தான் வராது. தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் தேக்காவில் நடக்க இடம் இருக்காது, அந்த நேரத்தில் கல்லாவில் புது ஆளை உட்கார வைக்க முடியாது.

அதனால் தேசிய சேவையாளர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றே ஒன்று: ஆணை வந்த அன்றே முதலாளியிடம் காட்டுங்கள். முன்பு வேலை பார்த்த ஒருவர் பல மாதங்களுக்கு முன்பே தெரிந்திருந்தும் கடைசி வாரத்தில்தான் சொன்னார். கேட்டால் "திட்டுவீர்கள் என்று பயந்தேன் அண்ணே" என்றார். இப்போதுள்ள தம்பி அன்றே தேதியைக் கடை காலண்டரில் எழுதிவிடுவார். அந்த இரண்டு வாரத்துக்கான ஆர்டர்களை முன்கூட்டியே போட்டுவிட்டு, என் மகளுக்குக் கல்லாக் கணக்கும் சொல்லிக் கொடுத்துவிட்டுத்தான் போவார். அவர் என்றைக்குப் போனாலும் எனக்கு நிம்மதி.


மாலைக் கல்லூரி

சார்ஜென்ட் அண்ணன் சொன்னதில் ஒன்று மட்டும் எனக்கு ஒப்பவில்லை. ஐசிடியைத் தள்ளிவைக்கக் கேட்கும் வழியை அவர் சொல்லவே இல்லை. தேசிய சேவையாளர்களுக்கான ஒன்என்எஸ் இணையத்தளத்தில் விண்ணப்பிக்கலாம். நான் பகலில் வேலை, மாலையில் பகுதிநேரப் பட்டப்படிப்பு. ஐசிடி தேர்வு வாரத்தில் வந்தது. தேர்வு அட்டவணையை இணைத்து விண்ணப்பித்தேன், கிடைத்தது. படிப்பு, குழந்தைப் பிறப்பு, புது வேலை போன்ற நியாயமான காரணங்களுக்காகத்தான் அந்த ஏற்பாடே இருக்கிறது. கேட்பதில் குற்றவுணர்வு வேண்டாம். எதற்கு உடம்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டும்?


பழைய சார்ஜென்ட்

தேர்வுக்கும் பிரசவத்துக்கும் கேட்க வேண்டியதுதான், அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஈசூன் தம்பியின் நிலை வேறு. அவருடைய ஷிஃப்ட் இந்த ஆண்டும் இருக்கும், அடுத்த ஆண்டும் இருக்கும். இன்றைக்குத் தள்ளிவைத்தால் நாளைக்கு அதே ஞாயிறு இரவு வேறு தேதியில் வரும்.

அப்புறம், காலாட்படையில் தள்ளிவைப்பதற்கு ஒரு விலை இருக்கிறது. தள்ளிவைத்த பயிற்சி ரத்தாவதில்லை, பின்னால் காத்திருக்கும். அதிகாரி அல்லாதவர்களுக்கு 40 வயது வரை கடமை உண்டு. 30களின் கடைசியில், முட்டி வலியோடு, பத்து வயது சிறியவர்கள் நடுவில் பேக் தூக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். இன்னொன்று, ஏடெக்குக்கு முந்தைய ஐசிடியில்தான் செக்‌ஷன் மறுபடி ஒன்றாகப் பழகும். யார் வேகமாக ஓடுவான், யாருக்கு இரவில் திசை தெரியும், யார் வாய் திறக்காமல் சோர்ந்துபோவான் என்பது அங்கேதான் தெரியும். ஒரு மெஷின் கன் ஆள் குறைந்தால் மற்றவர்கள் அந்தச் சுமையைப் பிரித்துத் தூக்க வேண்டும். அலுவலக வேலை போல ஒருவர் இல்லாவிட்டால் கோப்பு காத்திருக்கும் என்பது இங்கே இல்லை.


வாடகை வண்டி

எல்லோரும் முதலாளி, சூப்பர்வைசர் என்று பேசுகிறீர்கள். எனக்கு இரண்டும் கிடையாது. தனியார் வாடகைக் கார் ஓட்டுகிறேன், நானும் காலாட்படைதான். விடுப்பு கேட்க ஆள் இல்லை என்பதால் சுலபம் என்று நினைக்காதீர்கள். நான் கேம்பில் இருக்கும் நாட்களிலும் காரின் வாடகை ஓடுகிறது. வாடகைக்கு விட்ட நிறுவனத்திடம் அந்த இரண்டு வாரத்துக்குச் சலுகை கேட்டேன், இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

பயிற்சி நாட்களில் இழக்கும் வருமானத்துக்கு ஈடாகத் தரும் மேக்-அப் பே உண்டு, உண்மைதான். ஆனால் எங்களுக்கு அது வரி அலுவலகத்தின் மதிப்பீட்டுக் கடிதத்தில் உள்ள வருமானத்தை வைத்துத்தான். செலவு கழித்த வருமானம் அது. வாடகை அதில் வராது. இதற்கு யாராவது வழி கண்டிருக்கிறீர்களா?


மூன்றாம் பிளட்டூன்

வாடகை வண்டி அண்ணே, முழு வழி இல்லை, பாதி வழி இருக்கிறது. நானும் சொந்தத் தொழில், ஏர்கான் சர்வீஸ்.

முதலில், வரிக் கணக்கைச் சரியாகக் காட்டுங்கள். வரி குறையட்டும் என்று வருமானத்தைக் குறைத்துச் சொல்பவர்களுக்கு ஐசிடி வரும்போது அதே குறைந்த தொகைதான் அடிப்படையாகும். எங்கள் தொழிலில் இதனால் அடிபட்டவர்கள் நிறையப் பேர். அடுத்து, வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் தேதியை ஐசிடியோடு பொருத்திப் பாருங்கள். ஒப்பந்தம் முடியும் தேதி பயிற்சி தொடங்கும் வாரத்தில் விழுகிற மாதிரி எடுத்தால், காரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு முகாமுக்குப் போய், வந்ததும் புதிதாக எடுக்கலாம். தேதி பல மாதங்களுக்கு முன்பே தெரிவதால் இது சாத்தியம். என் தம்பி இப்படித்தான் செய்கிறான்.

மீதி இழப்புக்கு இன்னும் பதில் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். சம்பளக்காரருக்கும் சொந்தத் தொழில்காரருக்கும் ஐசிடி ஒரே சுமை இல்லை. இதைப் பற்றி ஒவ்வொரு முறையும் கருத்துக் கேட்கும் படிவத்தில் எழுதுகிறேன். நீங்களும் எழுதுங்கள்.


பிடோக் மீனா

நான் படையில் இருந்தவள் இல்லை, என் கணவர் காலாட்படை. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். முதல் முறை அவர் பச்சைச் சீருடை போட்டுக்கொண்டு கிளம்பியபோது எனக்கு ஒன்றும் புரியவில்லை, போருக்குப் போகிறார் என்றே அம்மாவிடம் போனில் அழுதேன். எங்கள் ஊரில் பட்டாளத்துக்குப் போவதென்றால் அது முழு வாழ்க்கை. பேங்கில் வேலை பார்ப்பவர் இரண்டு வாரம் மட்டும் சிப்பாயாவது நான் கேள்விப்படாதது.

சொல்ல வந்தது இதுதான். நீங்கள் எல்லோரும் வேலை இடத்தில் ஆள் பிடிப்பதைப் பற்றிப் பேசுகிறீர்கள், வீட்டில் ஆள் பிடிப்பதை யாரும் சொல்லவில்லை. எங்கள் மகனைப் பாலர் பள்ளியில் விடுவதும் கூட்டி வருவதும் அவர் வேலை. நான் கிளினிக்கில் காலை 8 மணிக்கு இருக்க வேண்டும். அவுட்ஃபீல்டு நாட்களில் அவர் போனையே எடுக்க முடியாது. ஒரு முறை பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து, யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் தவித்தேன். அதற்குப் பிறகு அவருடைய பட்டாலியனில் அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண்ணை எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டச் சொன்னேன். மாமியார் அந்த இரண்டு வாரம் எங்களோடு வந்து தங்குகிறார். அந்தத் தேதி அவருக்கும் ஆணை வந்த அன்றே சொல்லப்படுகிறது.

ஈசூன் தம்பிக்குக் குடும்பம் இருந்தால், அந்த எட்டு ஓய்வு நாட்களில் வீட்டில் என்னென்ன செய்து வந்தாரோ அதையும் ஒரு தாளில் எழுதிப் பார்க்கட்டும். கம்பெனி கணக்கில் வராத நாட்கள் அவை. வீட்டுக் கணக்கில் வரும்.


ஈசூன்காரன்

மீனா அக்கா, இதை நான் யோசிக்கவே இல்லை. ஓய்வு நாட்களில் அப்பாவை டயாலிசிஸுக்குக் கூட்டிப் போவது நான்தான். தங்கையிடம் இன்றைக்கே பேசுகிறேன். மிக்க நன்றி.

ஐபிபிடிக்கு என்ன செய்வது என்று யாராவது சொல்ல முடியுமா? நைட் ஷிஃப்ட் முடிந்து ஓடப் பார்த்தேன், கால் நகரவில்லை.


காலை ஓட்டம்

நைட் முடிந்த காலையில் ஓடவே ஓடாதே. தூங்கு. நான் விமான நிலையத்தில் ஷிஃப்ட் பார்ப்பவன், பல ஆண்டுகளாக இதோடு மல்லுக்கட்டுகிறேன்.

100 மதிப்பெண்ணில் 2.4 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு 50, புஷ்-அப்புக்கு 25, சிட்-அப்புக்கு 25. நம்மைப் போன்றவர்களுக்குத் தேர்ச்சி 51. ஷிஃப்ட் வேலைக்காரனுக்கு ஓட்டம்தான் கஷ்டம், நேரமும் வேண்டும், கால்களில் தெம்பும் வேண்டும். புஷ்-அப்பும் சிட்-அப்பும் அறைக்குள்ளேயே பத்து நிமிடத்தில் முடியும். வேலைக்குக் கிளம்பும் முன்னால் அதை தினமும் செய். ஓட்டத்தை நான்கு ஓய்வு நாட்களுக்குள் மட்டும் வை: முதல் ஓய்வு நாள் தூக்கம், இரண்டாம் நாள் மெதுவாக நீண்ட தூரம், நான்காம் நாள் 400 மீட்டர் வேக ஓட்டங்கள். சுழற்சிக்கு இரண்டு ஓட்டம் போதும், விடாமல் செய்தால்.

தேர்வை ஓய்வின் மூன்றாம் நாளில் புக் செய். பிறந்தநாள் முதல் அடுத்த பிறந்தநாள் வரைதான் கணக்கு, கடைசி மாதத்தில் நல்ல நேரங்கள் எல்லாம் நிரம்பிவிடும். 61 எடுத்தால் 200 வெள்ளி, 75க்கு 300, 85க்கு 500. தேர்ச்சி கிடைக்காது என்று தோன்றினால் அதே ஓராண்டுக்குள் என்எஸ் ஃபிட் உடற்பயிற்சி அமர்வுகளுக்குப் பத்து முறை போகலாம், 2021இல் வந்த ஏற்பாடு. பிறந்தநாள் நெருங்கிவிட்டது என்கிறாய், பத்தும் முடிக்க நேரம் போதுமா என்று இன்றைக்கே எண்ணிப் பார்.


பழைய சார்ஜென்ட்

காலை ஓட்டம் சொன்னது தேர்வுக்குச் சரி. ஆனால் 2.4 கிலோமீட்டரை நன்றாக ஓடுகிறவன் எல்லாம் அவுட்ஃபீல்டில் நன்றாக நடப்பதில்லை. காலாட்படைக்கு வேண்டியது முதுகில் சுமையோடு மணிக்கணக்கில் நடக்கும் கால். ஓய்வு நாளில் ஒரு நடை பூட்ஸ் போட்டு நட. பையில் முதலில் கொஞ்சம் எடை, பிறகு கூட்டிக்கொள்.

பூட்ஸை ஒரு மாதம் முன்பே வெளியே எடுத்துப் பார். நம் ஊர் ஈரத்தில் அலமாரிக்குள் கிடந்த பூட்ஸின் அடிப்பாகம் பார்க்க நன்றாகத்தான் இருக்கும், முதல் நாள் நடையில் பாளம் பாளமாகக் கழன்று விழும். என் செக்‌ஷனில் இது நடக்காத ஐசிடியே இல்லை. படைப் பொருள் கடையான ஈமார்ட்டில் உன் கணக்கில் உள்ள கிரெடிட்டில் புது ஜோடி வாங்கலாம். ஆனால் புது பூட்ஸை முதல் தடவையாக அவுட்ஃபீல்டில் போட்டால் குதிகால் முழுக்கக் கொப்புளம். அதனால்தான் ஒரு மாதம் என்கிறேன்.


வேல் முருகு

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், இதே தலைப்புதான். எனக்கு ஐசிடி தைப்பூசத்துக்கு முந்தைய வாரம். ஒவ்வோர் ஆண்டும் காவடி எடுக்கிறேன், அதற்கு முன் விரதம். வெளிக்களத்தில் சைவ உணவு கிடைக்குமா? சிராங்கூன் சாலையிலிருந்து டேங்க் சாலை வரை வெறுங்காலில் நடக்க வேண்டியவன், அதற்கு முந்தைய வாரம் பூட்ஸில் கொப்புளம் வந்தால் என்ன செய்வது?


மூன்றாம் பிளட்டூன்

சைவம் கிடைக்கும். முகாம் குக்ஹவுஸிலும் உண்டு, வெளிக்களத்தில் தரும் கம்பேட் ரேஷன் பொட்டலத்திலும் உண்டு. ஆனால் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும், அங்கே போய்க் கேட்டால் எண்ணிக்கை சரியாக இருக்காது. உங்கள் பட்டாலியனில் ஆள் நிர்வாகத்தைப் பார்க்கும் எஸ்1 கிளைக்கு இப்போதே எழுதுங்கள். ஒரு நாளைக்கு ஒரே வேளை சாப்பிடும் கடுமையான விரதம் என்றால் அதையும் மறைக்காமல் பிளட்டூன் கமாண்டரிடமும் மெடிக்கிடமும் சொல்லிவிடுங்கள். வெயிலில் பேக்கோடு நடக்கும் நாளில் அது தெரிந்திருக்க வேண்டியவர்கள் அவர்கள். என் பிளட்டூனில் ஒரு சீன நண்பர், கமாண்டர், இதைக் கேட்டுவிட்டு நைட் வாக் முடிந்ததும் விரதம் இருப்பவர் தண்ணீர் குடித்தாரா என்று தானே வந்து பார்ப்பார்.

காலுக்கு: இரண்டு ஜோடி காலுறை, ஈரமானதும் மாற்றுங்கள்.


ஈசூன்காரன்

நிலவரம் சொல்கிறேன். சார்ஜென்ட் அண்ணன் சொன்ன மாதிரி ஆளோடு போய்ப் பேசினேன். முதல் ஞாயிறு இரவை மலேசியாவிலிருந்து வரும் நண்பர் எடுத்துக்கொள்கிறார், அவருடைய சீனப் புத்தாண்டு ஷிஃப்ட்டை நான் பார்க்கிறேன். பயிற்சிக்குப் பிந்தைய சனிக்கிழமையும் சரியாகிவிட்டது. நடுவில் வரும் சனி, ஞாயிறில்தான் சூப்பர்வைசர் இன்னும் பிடிவாதமாக இருக்கிறார். எஸ்ஏஎஃப் 100 தேதிகளைக் காட்டினேன், மனிதவளத்திடம் கேட்டுச் சொல்கிறேன் என்றார்.

ஐபிபிடியை ஓய்வின் மூன்றாம் நாளுக்குப் பதிவு செய்துவிட்டேன். பூட்ஸை எடுத்துப் பார்த்தேன், இடதுகால் அடிப்பாகம் விரலால் அழுத்தினாலே பொடியாகிறது.


பழைய சார்ஜென்ட்

மனிதவளம் என்றால் நல்லது, அவர்களுக்குச் சட்டம் தெரியும். வாய்ப்பேச்சாக விடாதே. தேதிகளையும் எந்தெந்த ஷிஃப்ட் பாதிக்கப்படுகிறது என்பதையும் எழுதி மின்னஞ்சலில் அனுப்பு, எஸ்ஏஎஃப் 100ஐயும் இணை. ஒரு வாரத்தில் பதில் வராவிட்டால் எஸ்1 கிளையிடம் சொல்லி உதவி கேள். பூட்ஸை இந்த வாரமே வாங்கு.